தண்ணீர் ஏறும் நேரத்தில் திறப்பு விழா

பர்மா, ஆற்றுமுகத் துறைமுகம்

மரியாதைக்குரிய அத்தாவுக்கு, மகன் சிக்கந்தரின் சலாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் மழை உண்டா? உங்கள் மூட்டுவலியும் அம்மாவின் இருமலும் குறைந்ததா? எனக்குச் சுகம்தான்.

நான் பாடம் நடத்தும் ஆற்றங்கரைக் கிளை, தனிச் சர்க்கார் கலாசாலை ஆகிவிட்டது. மேட்டிலுள்ள தாய்க் கலாசாலை எங்களுக்குக் கொடுத்தது ஒரு பழைய சரக்குக் கிட்டங்கி மட்டுமே. அமாவாசை, பௌர்ணமிகளில் காலையில் கடல் பொங்கி ஆற்றுத் தண்ணீர் உள்ளே ஏறும். பெஞ்சுகளைத் தலையில் தூக்கிக் காப்பாற்றி, வடிந்த பிறகே பாடம் நடத்துவோம்.

திறப்பு விழாவைப் பௌர்ணமியன்று பத்து மணிக்கு வைத்தார்கள். வேண்டாமென்றேன், கேட்கவில்லை. "இந்தப் பிள்ளையை நாங்கள் வளர்த்தோம்" என்று மேட்டுக் கலாசாலைத் தலைவரான துரை பேசும்போது, சோழபுரத்துப் பியூன் மாரிச்சாமி என் காதில், "ஐயா, தண்ணி படியேறிருச்சு. இவியகிட்ட யாரு சொல்றது?" என்றான். நான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். துரையின் பூட்ஸ் நனைந்தது, அவ்வளவுதான். கவலைப்படாதீர்கள்.

நம் கண்மாயில் தண்ணீர் முறை பார்க்கும் நீர்பாய்ச்சியைக் கேட்காமல் எவனாவது மடையைத் திறப்பானா? இங்கே தண்ணீர் போக்கு தெரியாத அந்தத் துரையையே புதுக் கலாசாலைக்கும் தலைவராக்கிவிட்டார்கள். அவருடைய முதல் உத்தரவு, தண்ணீர் வந்தாலும் பத்து மணிக்கு வகுப்பு.

வத்திராயிருப்பு மாவடு கொஞ்சம் அனுப்ப அம்மாவிடம் சொல்லுங்கள். தனியாக உட்கார்ந்தால் சோறு இறங்கவில்லை. கப்பலுக்குத் தபால் கட்டுகிறார்கள், முடிக்கிறேன்.

நாளை அமாவாசை. வேலை போனாலும் போகட்டும், பிள்ளைகளோடு நான் கரையில்தான் நிற்பேன். வளர்த்தவர் உள்ளே போய்ப் பெஞ்சைத் தூக்கட்டும்.

உங்கள் சிக்கந்தர்