மைக் வைத்தால் எல்லாரும் செய்தி வாசிக்கிறார்கள்

ஜூலை 4, சனி. செமோர், மலேசியா

காலையிலிருந்து மழை. துணி காயவில்லை. ரெக்கார்டருக்கு பேட்டரி வாங்கியாச்சு.

கடைசி வருட மொழியியல் ஆய்வு. எஸ்டேட்டை விட்டுத் தாமான் என்னும் குடியிருப்பு வீடுகளுக்கு வந்த குடும்பங்களின் பேச்சைப் பதிவு செய்ய வேண்டும். இயல்பான பேச்சு கிடைத்தால் ஆய்வை வழிநடத்தும் மேடம் என்னை ஆராய்ச்சி உதவியாளராக எடுத்துக்கொள்வாராம். இல்லாவிட்டால் அத்தை பார்த்து வைத்திருக்கும் கிளினிக் வேலை. மருந்துக் கவுண்டர். எனக்கு அது வேண்டாம்.

முதல் ஆள், பக்கத்து வீட்டு மணியம் அங்கிள். பேங்க் வாசலில் ஜாகா, அதாவது காவல் வேலை. இஸ்திரி போட்ட சட்டை, நெற்றி நிறைய விபூதி. மைக்கைப் பார்த்ததும், "வணக்கம், அன்பார்ந்த நேயர்களே. நான் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் ஆவேன்."

ஆவேன்!

மெஷினை நிறுத்தியதும், "எப்படி லா? ஓகேவா? தண்ணி குடும்மா, தொண்ட காஞ்சு போச்சு."

அதுதான் அங்கிள் எனக்கு வேண்டும். தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

ஜூலை 5, ஞாயிறு

வெயில். தலைவலி. இன்னும் இரண்டு வீடு, அதே செய்தி வாசிப்பு. ஒரு அக்கா கவிதையே எழுதி வைத்து வாசித்தார்.

சாயங்காலம் வீட்டில் கடைசி முயற்சி. அப்பாவும் அவர் அக்காவான என் அத்தையும். அத்தை கையுறைத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். சம்மதம் கேட்டு மைக்கை வைத்தேன். இரண்டு பேரும் கல்யாண போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி. டுரியான் பழம் வெட்டி வைத்தேன். பேச்சு தானாக வந்தது. என்னைப் பற்றி.

அத்தை: "மொழி படிச்சு என்னா வேல லா? வாயி இருக்கு, பேசுறோம். இதுக்கு யூனிவர்சிட்டியா?"

"படிக்கட்டும்க்கா."

"நீ சும்மா இரு. பஸ் ஓட்டி ஓட்டி ஒனக்கு இடுப்பு போச்சு."

"என் இடுப்பு, நான் பாத்துக்கிறேன். ஒனக்கு என்னா?"

அத்தை கையைக்கூடக் கழுவாமல் எழுந்து போய்விட்டார். எனக்கு அழுகை வந்தது. கூடவே, என்ன அருமையான பேச்சு என்றும் தோன்றியது. வெட்கங்கெட்ட படிப்பு.

ஜூலை 6, திங்கள்

மேடத்துக்கு போன். அத்தைக்குப் போட்டுக் காட்டு, வேண்டாம் என்றால் அழித்துவிடு என்றார். நியாயம்தான். ஆனால் உருப்படியாக இருப்பது அந்த ஒரு பதிவுதான். அத்தையிடம் எப்படிக் கேட்பது?

அப்பா: "பயப்படாத. அக்கா கத்தும், கடிக்காது."

ஜூலை 8, புதன்

மறுபடி மழை. அத்தை வீடு. ஷிப்ட் முடிந்து வந்தவர் யூனிபார்ம்கூட மாற்றவில்லை. முழுவதும் கேட்டார். முகம் சுருங்கிப் போனது.

"அழிச்சிரவா அத்தே?"

"இத யாரு கேப்பா?"

"நானும் மேடமும். பேரு எதுவும் வராது."

"நான் பேசுறது அவ்வளவு முக்கியமா லா?"

"ஆமா அத்தே. எல்லாரும் மைக்குக்குப் பேசுனாங்க. நீங்கதான் மனசுல உள்ளத பேசுனீங்க."

அத்தை ரெக்கார்டரை என் பக்கம் தள்ளினார். பிறகு, "அழிக்காத. தம்பி இடுப்ப பத்தி நான் சொன்னது உண்மதான. ஆனா என் பேச்சு அதோட நிக்கக் கூடாது. போடு அந்த மெஷின."

போட்டேன்.

அத்தை மைக்கைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தார்.

"கிளினிக்ல வேற ஆள் பாத்துக்கச் சொல்லிடுறேன். நீ அந்த மேடம்கிட்டயே வேல கேளு. நல்லா வாயத் தொறந்து கேளு லா, வாயில்லாப் பூச்சி மாதிரி நிக்காத."