பேபர் மலையில் நீ சொன்ன உண்மை

இன்று காலை, சிங்கப்பூரின் செங்காங்கில், எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே நடைபாதையை உடைத்துப் புதிதாகக் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தார்கள். வேலைக்குக் கிளம்பிய அவசரத்தில் இருந்த என்னை அந்த ஈர சிமெண்ட் வாசனை பிடித்து நிறுத்திவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை அணிந்து நீ வந்து உட்கார்ந்தாலும் உன்னிடமிருந்து அந்த வாசனை லேசாக வரும். "எத்தன சோப்புப் போட்டாலும் போகாதுண்ணே, இது உள்ள எறங்கிடுச்சு" என்பாய். இன்று அங்கேயே நின்று பேருந்தைத் தவறவிட்டேன்.

நாம் பழகியது தேக்கா சந்தையின் சாப்பாட்டுக் கடைகளில் ஒரு மேசையால். அன்று கூட்டத்தில் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு இடம் தேடி அலைந்தேன். நீ உன் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "உக்காருங்கண்ணே, இது என்ன எங்க வீட்டு மேசையா" என்றாய். நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவன், பள்ளிக்கூட ஆய்வகத்தில் வேலை. நீ அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து வந்தவன், கிராஞ்சியில் தொழிலாளர் விடுதியில் தங்கி, உயரமான கட்டடங்களுக்குக் கம்பி கட்டும் வேலை பார்த்தவன். நான் இந்த ஊர் வழக்கப்படி வாக்கியத்துக்கு வாக்கியம் 'லா' போடுவதைக் கேட்டுச் சிரிப்பாய். அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் அந்த மேசைதான்.

ஒரு நாள் தயங்கித் தயங்கிக் கேட்டாய். உன் அப்பா ஐந்து நாள் சிங்கப்பூர் பார்க்க வருகிறார், விடுதிக்குள் அவரை அழைத்துப்போக முடியாது, என் வீட்டில் தங்க வைக்கலாமா என்று. இதற்கு ஏன் இத்தனை தயக்கம் என்று நினைத்தேன். அசல் காரணம் அதன் பிறகுதான் வந்தது. உன் சித்தப்பா சென்னையில் சாரத்திலிருந்து விழுந்து செத்துப்போனவர். தம்பியின் உடலை ஊருக்குக் கொண்டுவந்தவர் உன் அப்பா. நீ விமானம் ஏறும்போது அவர் உன்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று, உயரத்தில் ஏறும் வேலைக்குப் போகக்கூடாது. நீயும் தலையாட்டிவிட்டு வந்து, ஆறு வருடமாக, ஏசி ஆபீஸில் சாமான் கணக்கு எழுதுவதாகத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தாய்.

"ஆபீஸ எங்கன்னு கேட்டா ஏதாச்சும் ஒரு பில்டிங்க காட்டுங்கண்ணே. லீவு நாளு, பூட்டியிருக்குன்னு சொல்லிக்கலாம்."

"என்னால முடியாதுலா. பொய் சொன்னா என் மூஞ்சியே காட்டிக் கொடுத்துடும்."

"அப்ப நீங்க வாயத் தொறக்காதீங்க. அது போதும்."

உன் அப்பா வந்தார். ஓய்வு பெற்ற பேருந்து நடத்துநர். ரயிலில் உட்கார இடம் இருந்தாலும் நின்றுகொண்டே வருவார், கால் பழகிவிட்டதாம். மூன்று நாள் உன் ஆபீஸைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை, ஊரை முழுசாக ஒரே இடத்திலிருந்து காட்டலாம் என்று அவரை பேபர் மலைக்கு அழைத்துப் போனோம். உண்மையைச் சொன்னால் நானும் அதுவரை அங்கே ஏறியதில்லை. அது சுற்றுலாப் பயணிகளின் இடம் என்று இருந்துவிட்டேன். துறைமுகப் பக்க ரயில் நிலையத்திலிருந்து மரங்களுக்குள் ஏறும் படிகளில் உன் அப்பா இரண்டு இடத்தில் நின்றார். நீ அவருக்கு முன்னால் போகாமல், கீழ்ப்படியிலேயே, விழுந்தால் தாங்குகிற தூரத்தில் வந்தாய்.

மேலே போனதும் அப்படியே நின்றுவிட்டேன். மழை விட்ட வானம். ஒரு பக்கம் கடலில் கப்பல்கள் வரிசையாக நின்றன. தலைக்கு மேல் கம்பிவட வண்டிகள் செந்தோசாத் தீவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. இன்னொரு பக்கம் வீடமைப்பு புளோக்குகள், அவற்றுக்கு அப்பால் நகரத்தின் கோபுரங்கள், எல்லாவற்றின் மீதும் சாய்ந்த வெயில். நாற்பத்தைந்து வருடம் வாழ்ந்த ஊரை முதல் தடவையாகப் பார்ப்பதுபோல இருந்தது.

உன் அப்பா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகக் கேட்டார். "உன் ஆபீஸ் இதுல எந்தப் பக்கம்ப்பா?"

நான் கடலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டேன். நீ ஏதாவது ஒரு கட்டடத்தைக் காட்டுவாய் என்று காத்திருந்தேன். நீ கம்பித் தடுப்பின் மேல் சாய்ந்து கையை நீட்டினாய்.

"அந்தா, மூணு வெள்ளக் கட்டடம் சேந்தாப்ல நிக்குதுல்ல? அதுல நடுவுல உள்ளது. முப்பத்தி நாலாவது மாடி வரைக்கும் கம்பி கட்டுனது நான்ப்பா. ஆபீஸ்னு சொன்னது பொய்."

அவர் உன் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தக் கட்டடத்தையே பார்த்தார்.

"கயிறு கட்டிக்கிட்டா ஏறுன?"

"பெல்ட் இருக்குப்பா. ரெண்டு கொக்கி. ஒண்ண மாட்டிட்டுத்தான் இன்னொண்ணக் கழட்டணும்."

"தெனமுமா?"

"தெனமும்."

அப்போது அவர் செய்ததை நீ முதுகுப்பக்கம் உணர்ந்திருப்பாய், நான் கண்ணால் பார்த்தேன். பின்னாலிருந்து உன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார். அங்கே விழுவதற்கு ஒன்றுமில்லை, இடுப்பளவு தடுப்பு, அதற்கப்பால் புல். ஆனாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். நீ நகரவில்லை. பிடித்தபடியே அவர், "வேற என்னென்ன பொய் சொல்லிருக்க?" என்றார்.

"சாப்பாடு நல்லாருக்குன்னு சொன்னேன்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு கண்ணையும் துடைத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து ஒரு சீனத் தம்பதி, படம் எடுத்துத் தரச் சொல்லித் தங்கள் போனை உன்னிடம் நீட்டினார்கள். நீ எடுத்துக் கொடுத்தாய். அவர்கள் நகரப்போகும்போது உன் அப்பா அந்த ஆளின் தோளைத் தொட்டு, நடத்துநரின் கணீர்க் குரலில், "சார், மை சன். தட் பில்டிங்" என்றார். அந்த ஆள் திரும்பிப் பார்த்து, "வாஹ்! ஸோ டால் லா!" என்று அதன் உயரத்தை வியந்து உன் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் உன் கையை விட்ட பிறகும் உன் அப்பா உன் சட்டையை விடவில்லை.

வீடு திரும்பும் ரயிலில் அவர் கதவோரம் நின்றபோது உன்னிடம் ரகசியமாகக் கேட்டேன், இத்தனை வருடம் மறைத்ததை ஏன் சொன்னாய் என்று. நீ யோசித்துச் சொன்ன பதிலைப் பிறகு பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

"அவ்ளோ அழகா தெரிஞ்சுச்சுண்ணே. என்னுதுன்னு சொல்லாம இருக்க முடியல."

உன் துணிச்சலைப் பற்றி நான் நினைத்துக்கொள்வது முப்பத்தி நாலாவது மாடியை வைத்து அல்ல. அப்பா உன்னோடு பேசாமல் போய்விடக்கூடும் என்று தெரிந்தே, உன் உழைப்பை உன்னுடையது என்று சொல்லிவிட்டாய் பார், அதை வைத்துத்தான்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் இங்கே இருந்தாய். ஊருக்குப் போய், கல்யாணம் செய்து, உன் அப்பாவையும் உடன் வைத்துக்கொண்டு, உங்கள் ஓட்டு வீட்டை மாடி வீடாக்கினாய். கூரைக் கான்கிரீட் போட்ட அன்று வீடியோவில் கூப்பிட்டுக் காட்டினாய். போன வருடம் ஒரு காய்ச்சல், எட்டே நாளில் நீ போய்விட்டாய். உன் அப்பாதான் என்னை அழைத்துச் சொன்னார். "தம்பி, தரையில நடந்துக்கிட்டு இருந்த புள்ள" என்றார்.

உறவினர்கள் யாராவது ஊரிலிருந்து வந்தால் இப்போதெல்லாம் நானே அவர்களை பேபர் மலைக்கு அழைத்துப் போகிறேன். அவர்கள் கப்பல்களையும் கம்பிவட வண்டிகளையும் பார்த்து முடிக்கும்வரை காத்திருக்கிறேன். அப்புறம் நகரத்தின் பக்கம் திருப்பி, நடுவில் உள்ள வெள்ளைக் கட்டடத்தைக் காட்டி, அதைக் கட்டியவர்களில் என் நண்பன் ஒருவன் என்று சொல்லி, உன் பெயரையும் உன் ஊரையும் சொல்கிறேன். காற்றில் சரியாகக் கேட்காதவர்களுக்கு இன்னொரு முறை சொல்கிறேன்.