பறிக்காமல் வாங்குவது

அன்புள்ள அம்மாவுக்கு,

ஆண்ட்வெர்ப்பிலிருந்து ஃப்ரூமெட். உன் முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு ஒரு குறையும் இல்லை. பேக்கரி அடுப்பருகே நிற்பதால் குளிர்கூடத் தெரிவதில்லை.

பதறாமல் படி. போன சனிக்கிழமை ஜெபக்கூடத்தில் தோரா வேத வாசிப்பைப் பெண்கள் நாங்கள் நிறுத்திவிட்டோம். என் முதலாளியம்மா ஹெந்தெல்தான் பெண்கள் மாடத்திலிருந்து என்னைக் காட்டிக் கத்தினாள்: "அஞ்சு வருஷமா இவள விட்டுட்டு இருக்கான். அவன் மணவிலக்குச் சீட்டு குடுக்காம இவளுக்கு வேற வாழ்க்கை ஏது? அதுவரைக்கும் இங்க ஒரு வரி வாசிக்க விடமாட்டோம்!"

வாசிப்பு முடியாமல் யாரும் வீட்டுக்குச் சாப்பிடப் போக முடியாதே, ஆண்கள் பசியில் நெளிந்தார்கள். கடைசியில் உன் மருமகன் ஸீஷே தலைகுனிந்து சம்மதித்தார்.

வருகிற வியாழக்கிழமை மதகுருக்களான ரப்பிகள் முன்னால் சீட்டை என் கையில் போடுவார். நான் ஏந்தி மட்டும் நிற்க வேண்டும், எட்டிப் பிடிக்கக்கூடாது. ஹெந்தெல் பன்களைப் போட்டுப் பழக்குகிறாள். நேற்றெல்லாம் என் கை முந்திக்கொண்டே இருந்தது.

"பறிக்காதடி! அப்புறம் முதல்லேர்ந்து போடணும்பாங்க!"

பேக்கரியில் எல்லோரும் சிரித்தோம்.

என் நீலக் கவுனை அனுப்பு. உன் தலைத்துணி ஒன்றும் வை, துவைக்க வேண்டாம்.

ரொட்டி கருகுகிறது, ஓடுகிறேன். இன்று காலை பன் விழுந்தபோது என் கை அசையவே இல்லை, அம்மா.

உன் மகள்
ஃப்ரூமெட்