கரையில் வாசித்த காகிதம்

என் பிரியமான அக்கா,

நீ போன பிறகு நம் ஆம்பூர் சபையில் அறுப்பின் பண்டிகை நாடகம் எழுத ஆளில்லை. பள்ளியில் சரித்திரம் நடத்தியவளின் தங்கைதானே என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். நாளெல்லாம் ஷூ கம்பெனியில் தையல் மிஷின்மேல் குனிந்திருந்துவிட்டு, சாயங்காலம் கோயிலில் ஒத்திகை. முதுகு விட்டுப்போகிறது.

இந்த வருஷம் அமெரிக்காவுக்குச் சுவிசேஷம் போன கதை. சாப்பிடும்போது நீ சொன்னதைத்தான் எழுதினேன். ஸ்பெயின்காரர்கள் கப்பலிலிருந்து இறங்கி, தங்கள் பாஷையில் ஒரு காகிதத்தை வாசிக்கிறார்கள். போப்பாண்டவர் இந்த நிலத்தை எங்கள் ராஜாவுக்குக் கொடுத்துவிட்டார், திருச்சபைக்கும் ராஜாவுக்கும் அடங்குங்கள், மறுத்தால் சண்டையும் அடிமைத்தனமும்தான், பழியும் உங்களுடையதே என்று. கரையில் நிற்பவர்களுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. பிறகு, அங்கே போன ஒரு சாமியாரே இவர்களும் மனிதர்கள்தானே என்று எதிர்த்துப் பிரசங்கம் செய்கிறார்.

ஒத்திகை பார்த்த ஆயர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சாமியார் பேசுறது மட்டும் போதும்மா. காகிதம் வாசிக்கிறத எடுத்துடுங்க."

"அவரு ஏன் பேசுனாருன்னு ஜனங்களுக்குத் தெரிய வேணாமா ஐயா?"

"வெளிய நம்மளப் பத்திப் பேசுறது ஏற்கெனவே ஜாஸ்தி. நாமளே எடுத்துக் குடுக்கணுமா?"

அவர் பயம் பொய்யில்லை. அதே வேதம்தான் தோல் பதனிடும் ஷெட்டில் நின்ற நம் தாத்தாவைப் பள்ளிக்கூடத்துக்குள் சேர்த்தது. அமெரிக்காவில் அதைக் காட்டித்தான் ஊரையே பிடுங்கினார்கள். இரண்டையும் சேர்த்து நீ எப்படி அக்கா வகுப்பில் சொன்னாய்?

காட்சியை எடுத்துவிட்டேன். கரையில் நிற்கும் பெண்ணாக நடித்தவள் என்னோடு வேலை செய்யும் தனம். அவள் வசனமெல்லாம் அதோடு போயிற்று.

"இன்னாக்கா, சும்மா நின்னுட்டே இருக்கவா?"

"நில்லு தனம்," என்றேன்.

பண்டிகையன்று சாமியார் வேஷக்காரர் முழங்கினார். பலமான கைதட்டல். அது அடங்கியதும் தனம் அவர் பக்கம் திரும்பினாள்.

"நல்லா பேசுனீங்க சாமி. எங்க நெலம் திரும்பி வருமா?"

அதற்கு அவரிடம் வசனம் இல்லை. யாரோ அவசரமாகத் திரையை இழுத்துவிட்டார்கள்.

நாற்காலிகளை மடக்கும்போது ஆயர் பக்கத்தில் வந்தார். "அந்தப் பொண்ணு கேட்டது தப்பில்லம்மா," என்றார். மீதி நாற்காலிகளை இருவரும் மடக்கி அடுக்கினோம். இனி நாடகமே வேண்டாம் என்கிறது சபைக் கமிட்டி. கம்பெனியில் தனம் மெதுவாகக் கேட்டாள், "பேஜார் பண்ணிட்டனாக்கா?" இல்லை என்று தலையாட்டினேன்.

அலுப்பாக இருக்கிறது அக்கா. ஆனாலும் கமிட்டியிடம் போய் நிற்பேன். அடுத்த முறை அந்தக் காகிதத்தையும் சேர்த்து முழுசாக எழுதுவேன். தனத்தின் கேள்விக்கு என்னிடமும் பதில் இல்லை. ஆனால் அவள் கேட்ட பிறகு திரையை இழுக்க விடமாட்டேன்.

உன் கூடப் பிறந்தவள்,
எஸ்தர்