இப்போதைக்கு என்ற சொல்லுக்கு எதிர்ச்சொல்

நிவேதிதா வீடு, செங்காங், இப்போதைக்கு.

அன்புள்ள ரகுபதிக்கு,

நான் சாப்பிடாமல் பிடிவாதம் பிடிப்பதாக உன் தங்கை நிவேதிதா சொல்லியிருப்பாள், நீயும் ஆக்லாந்தில் உட்கார்ந்து அதை நம்பியிருப்பாய். உண்மையில்லை. மூன்று வேளையும் சாப்பிடுகிறேன், உப்பு மட்டும்தான் இங்கே அளந்து விழுகிறது. நீயும் மருமகள் வைஷாலியும் நலமாக இருப்பதாகவே எடுத்துக்கொள்கிறேன், நலமில்லாதவர்கள்தான் அடிக்கடி போன் செய்வார்கள்.

நம் ஜாலான் புசார் வீட்டில் குளியலறைக் குழாய் கசிந்து கீழ்வீட்டுக் கூரை நனைந்தபோது, இப்போதைக்குத் தங்கச்சி வீட்டில் இருங்கள் என்று சொன்னவன் நீதான். அது தீபாவளிக்கு முந்தின வாரம். இப்போது பங்குனி பிறந்துவிட்டது. குழாயில் இப்போதைக்கு ஓர் ஒட்டுநாடா சுற்றியிருக்கிறது, நான் இப்போதைக்கு மடக்குக் கட்டிலில் படுக்கிறேன், என் புடவைகள் இப்போதைக்கு அட்டைப்பெட்டியில் கிடக்கின்றன. நான் படித்த கான்வென்ட்டில் இப்போதைக்குப் போட்ட ஓட்டுத் தையலோடு பாவாடையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் சிஸ்டர் கண்ணெதிரே பிரித்துப் போடுவார். நம் குடும்பத்தைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை பேத்தி ரக்ஷனாவின் தமிழ்ப் பயிற்சித்தாள் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. எதிர்ச்சொல் எழுதி வாக்கியம் அமைக்க வேண்டும். தற்காலிகம் என்பதற்கு எதிரே 'நிறந்தரம்' என்று எழுதியிருந்தாள். தொடக்கநிலை மூன்றாம் வகுப்புதானே, போகட்டும் என்று பென்சிலை எடுத்து றகரத்தை ரகரமாக்கினேன். வாக்கியத்திலும் அதே பிழை, அதையும் திருத்தினேன். திருத்திய பிறகுதான் என்ன எழுதியிருக்கிறாள் என்று படித்தேன். "பழைய வீட்டை விற்றதும் பாட்டி எங்கள் வீட்டில் நிரந்தரமாக இருப்பார்." நம் குடும்பத்தில் எதையும் முழு வாக்கியமாகச் சொல்லத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

நிவேதிதாவிடம் தாளைக் காட்டினேன். கொஞ்ச நேரம் எழுத்துப்பிழையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு, "அண்ணன்தான் உங்ககிட்ட பக்குவமா சொல்றேன்னாரும்மா. நீங்க சைன் மட்டும் பண்ணா போதும்" என்றாள். ஐந்து மாதமாகியும் பக்குவம் வரவில்லை போலிருக்கிறது, அடுப்பைக் கொஞ்சம் கூட்டி வைத்திருக்கலாம். உன் அப்பாவும் நானும் சேர்ந்து வாங்கிய வீடு அது, இன்று என் பெயரில் இருக்கிறது. என் முழங்கால் இருக்கிற நிலைமையில், நீ நேரில் கேட்டிருந்தால் சம்மதித்தும் இருப்பேன். இதை எழுதவே எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் நீ கேட்கவில்லை.

நேற்று ரயிலேறிப் போய், வீட்டுக்குப் பக்கத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் அஹமது கபீரைக் கூட்டிப்போய்க் குழாயைக் காட்டினேன். அவரும் நாடாவைத்தான் எடுத்தார். அது வேண்டாம், குழாய் முழுவதையும் மாற்றுங்கள் என்றேன். "எத்தன வருஷம் தாங்கணும்மா?" என்று கேட்டார். எனக்குப் பிறகும் தாங்கட்டும் என்றேன். சனிக்கிழமை வேலை முடிகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை நான் என் வீட்டுக்குப் போகிறேன். நிவேதிதா அழுகிறாள், மாப்பிள்ளை மட்டும் பெட்டிகளைத் தூக்கித் தருவதாக உடனே சொல்லிவிட்டார், நல்ல மனிதர்.

அங்கே குளிர் ஆரம்பிக்கும் நேரம், காதை மூடிக்கொண்டு வெளியே போ. நீங்கள் இருவரும் நெடுங்காலம் ஒருவரை ஒருவர் கேட்டு, கலந்து பேசி நன்றாக வாழவேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

வீட்டை விற்கும் யோசனை உன்னுடையதா, இல்லையா? வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் படம் அனுப்பாதே. ஒரு தாளில், உன் கையால், ஜாலான் புசார் முகவரிக்குப் பதில் எழுது.

உன் அம்மா,
சுசீலா அழகர்சாமி