உங்கப்பா படகுக்கு நான் எடுத்த அளவு

செம்மண்டலம், கடலூர்
18-2-2010, வியாழன்

அன்பு மகள் எழிலரசிக்கு அம்மா எழுதுறது. இங்க நானும் உங்கப்பாவும் நல்லா இருக்கோம், அங்க நீயும் மாப்பிள்ளை நடராஜும் அந்தக் குளிருல நல்லாப் போத்திக்கிட்டு சொகமா இருப்பீங்கன்னு நம்புறேன். எதுத்த வீட்டு பிரியம்வதா சனிக்கிழமை உங்க டொராண்டோவுக்கே கிளம்புது, அதுங்கிட்ட நீ கேட்ட நாலு ஜாக்கெட்டு, பண்ருட்டி முந்திரி, மோர் மெளகா எல்லாம் குடுத்தனுப்புறேன், அதோட இந்தக் கடுதாசியும். வாராவாரம் போன்ல பேசுறோமே கடுதாசி எதுக்குன்னு நெனைப்ப. நான் போன்ல பேசுறப்ப எல்லாம் உங்கப்பா கூடத்துல பேப்பரை விரிச்சு வச்சுக்கிட்டு ஒரு பக்கத்தைக் கூட திருப்பாம உக்காந்திருப்பாரு, அவரைப் பத்தி அவரு எதுக்க எப்படிச் சொல்றது, அதான் அவரு வெளிய போன நேரமாப் பாத்து எழுதுறேன். மொதல்ல ஒரு பொய்யை ஒத்துக்கிடுறேன். போன ஞாயித்துக்கிழமை சிதம்பரம் கோயிலுக்குப் போனோம்னு சொன்னேன் இல்ல, கோயிலுக்குப் போனது நெஜந்தான், ஆனா அதுக்கு முன்னாடி வெள்ளாத்துல போட் ஓட்டிட்டுத்தான் போனோம். நானும் ஏறுனேன். திட்டாத, முழுசாப் படிச்சுட்டு அப்புறம் திட்டு.

மாப்பிள்ளைக்கும் படிச்சுக் காட்டுவ, அதனால மொதல்லேந்து சொல்றேன். உங்கப்பா சுப்புராயன் முப்பத்தொரு வருஷம் கவர்மெண்ட் பஸ் ஓட்டுனவரு, அதுல பாதிக்கு மேல கடலூர் சிதம்பரம் ரூட்டு. ஒரு நாளைக்கு நாலு தடவ, ஆறு தடவ வெள்ளாத்துப் பாலத்தைத் தாண்டுவாரு. ரிட்டயர் ஆன மறு மாசம், இத்தனை வருஷம் அந்த ஆத்துக்கு மேலயே போயிட்டேன் லோகா, ஒரு நாளும் கீழ போய்ப் பாத்ததில்லன்னு சொன்னாரு. சரி ஒரு நாள் போய்ப் பாத்துட்டு வாங்கன்னு சொன்னேன். மனுஷன் என்ன பண்ணாரு, கார் ஷெட்டுல ப்ளைவுட்டை வாங்கிப் போட்டு தன் கையால போட் கட்ட ஆரம்பிச்சாரு. பதினாலு அடி நீளம். ஒரு வருஷமா வீடு பூரா ரெசின் நாத்தம், மரத்தூளு. நடுவுல நெஞ்சு வலி வந்து பாண்டிச்சேரி ஆஸ்பத்திரில நாலு நாள் இருந்தது உனக்குத் தெரியும், அங்க படுத்துக்கிட்டே வார்னிஷ் காஞ்சிருக்கான்னு என்னைத்தான் கேட்டாரு. நான் அந்த ஷெட்டுப் பக்கம் திரும்பிக் கூடப் பாக்கல, கோவந்தான், வேற என்ன.

போட்டு முடிஞ்சுது, ஆத்துக்கு எடுத்துக்கிட்டுப் போக ட்ரெய்லர் வேணுமே. பண்ருட்டில கல்யாணத்துக்கு ஜெனரேட்டர் இழுத்துக்கிட்டுப் போன பழைய ட்ரெய்லர் ஒண்ணு கெடைச்சுது, நம்ம அம்பாசிடர் பின்னால கொக்கி வச்சு இழுத்துக்கிட்டு வந்தாரு. ஜெனரேட்டர் கட்டை குட்டையா, தட்டையா, கல்லு மாதிரி கனமா இருக்கும், அது நடு மத்தியில உக்காரும். போட்டு அப்படியா, நீட்டமா, வயிறு வளைஞ்சு, மோட்டாரு பின்னால தொங்கிக்கிட்டு. உங்கப்பாவுக்கு அது தெரியாம இல்ல, ஆசை அவசரப்படுத்திடுச்சு. பொங்கல் முடிஞ்ச ஞாயித்துக்கிழமை கயித்தால கட்டி தெருவுல இறக்குனாரு. நம்ம தெரு முனை ஸ்பீட் பிரேக்கர்ல ஏறுனதும் பின்பக்கம் கனம் தாங்காம ட்ரெய்லரோட மூக்கு மேல தூக்கிக்கிச்சு, அதோட சேந்து கார் பின்பக்கமும் தூக்கிக்கிச்சு, கயிறு அறுந்து போட்டு சறுக்கி நடு ரோட்டுல குந்திக்கிச்சு. பின்னால வந்த டவுன் பஸ் நின்னு, அதுல இருந்த ஜனமெல்லாம் ஜன்னல் வழியா எட்டிப் பாத்து சிரிச்சாங்க. டிரைவரு இவருக்குக் கீழ வேலை கத்துக்கிட்ட ஆளாம். அண்ணே, இது எந்த டிப்போ வண்டின்னு கேட்டுட்டுப் போனாராம்.

அன்னிக்கு சாயந்திரந்தான் நீ போன் பண்ண, ரோட்டுல நடந்ததை நானும் ஒளறிட்டேன். நான் ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன், அது உனக்குத் தெரியாது. நெஞ்சு வலி வந்த மனுஷன் ஆத்துல போய் எதாவது ஆச்சுன்னா நான் அங்கேந்து பறந்தா வர முடியும், இது பைத்தியக்காரத்தனம்மா, அதை வித்துடச் சொல்லுன்னு நீ சொன்னத அவரும் கேட்டாரு. எழுந்து போய் போட்டு மேல தார்ப்பாயை இழுத்து மூடுனாரு. அதுக்கப்புறம் ரெண்டு வாரம் ஷெட்டுப் பக்கம் போகல, சரியா சாப்பிடல, பண்ருட்டிக்காரருக்குப் போன் போட்டு ட்ரெய்லரைத் திரும்ப எடுத்துக்கிடுங்கன்னு சொல்லிட்டாரு. ஞாயித்துக்கிழமையானா நீ போன் பண்ற நேரத்துக்கு பேப்பரும் கையுமா உக்காந்து எல்லாத்தையும் கேப்பாரு, போனை நீட்டுனா மட்டும் வேணாம்னு கையை ஆட்டிடுவாரு. அப்பா எங்கம்மான்னு நீ கேக்குறப்ப எல்லாம் குளிக்கிறாரு, கடைக்குப் போயிருக்காருன்னு எதையாவது சொல்லி வைப்பேன். உன் மேல கோவம் போலன்னு நெனைச்சேன். பொண்ணு பயத்துல சொன்னதுக்கு இப்படியான்னு எனக்கு அவரு மேல கோவம்.

ஒரு நாள் வெயில்ல மெளகா காயப்போட விரிப்பு தேவைப்பட்டுச்சு, அந்தத் தார்ப்பாயை உருவுனேன். அப்பத்தான் மொத மொதலா அந்தப் போட்டுக்குள்ள எட்டிப் பாத்தேன். உள்ள ரெண்டு சீட்டு இருக்கு. ஒண்ணு சும்மா பலகை. இன்னொண்ணுக்கு மட்டும் முதுகுக்கு அணைவா சாய்மானம் வச்சு, ஓரமெல்லாம் தேய்ச்சு வழவழன்னு பண்ணி வச்சிருக்காரு. எனக்கு மெஷின் மிதிச்சு மிதிச்சு இடுப்பு போனது உனக்குத் தெரியும், சாய்மானம் இல்லாம பத்து நிமிஷம் உக்கார முடியாது. ஒரு வார்த்த சொல்லல பாரு இந்த மனுஷன். நான் ஏறவே மாட்டேன்னு ஊரு பூரா சொல்லிக்கிட்டு இருக்கேன், அவரு என் இடுப்புக்கு அளவெடுத்து வச்சிருக்காரு.

அப்புறம் நான் யோசிக்கல கண்ணு. உள்ள போயி இஞ்ச் டேப்பு, சாக்குக்கட்டி, பழைய பேப்பரு எடுத்துக்கிட்டு வந்தேன். முப்பது வருஷமா ஜாக்கெட்டு தைக்கிறேன், வளைஞ்ச ஒடம்புக்குத் தட்டையான துணியை எப்படிக் கொண்டாறதுன்னு எனக்கா தெரியாது. போட்டு முக்காலி மேல தான் நின்னுச்சு, நான் அடியில மல்லாக்கப் படுத்துக்கிட்டு மைதாப் பசை தடவி பேப்பரை அதோட வயித்துல ஒட்டி, முன்னால ஒண்ணு பின்னால ஒண்ணு வளைவை அப்படியே வரைஞ்சு அட்டையில வெட்டிக்கிட்டேன். உங்கப்பா தண்ணி குடிக்க எழுந்து வந்தவரு என் காலு மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு இருக்குறதப் பாத்துட்டு என்ன பண்றன்னு கேட்டாரு. மெளகா காயப்போடுறேன்னு சொன்னேன். திரும்பி உள்ள போயிட்டாரு.

அந்த அட்டையைச் சுருட்டிக்கிட்டு டவுன் பஸ் புடிச்சு முதுநகர் போனேன். அங்க ரயில்வே கேட்டுப் பக்கத்துல தேவசகாயம்னு ஒருத்தரு பட்டறை வச்சிருக்காரு, டிராக்டர் ட்ரெய்லர் எல்லாம் வெல்டிங் வைக்கிறவரு. அட்டையப் பாத்துட்டு, ஏம்மா இது போட்டா ஜாக்கெட்டான்னு சிரிச்சாரு. ரெண்டும் ஒண்ணுதான், எங்க கனம் விழுதோ அங்க உறுத்தக் கூடாது, அவ்ளோதான்னு சொன்னேன். சிரிப்ப நிறுத்திட்டு அட்டையை இன்னொரு தடவ பாத்தாரு. மறுநாள் ரெண்டு ஆளோட வீட்டுக்கே வந்துட்டாரு. ட்ரெய்லரு ஒண்ணும் மோசம் இல்லம்மா, சக்கரம் இருக்குற எடம் தான் தப்புன்னு சொல்லி, போட்டுக்கு அடியில ஒரு உருட்டுப் பைப்பைக் குறுக்கால குடுத்து, சீசா பலகை மாதிரி அசைச்சு அசைச்சு, எந்த எடத்துல ரெண்டு பக்கமும் சமமா நிக்குதோ அங்க சாக்குக்கட்டியால கோடு போட்டாரு. இந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் பின்னால அச்சு வரணும், அப்பத்தான் மூக்கு தூக்காதுன்னாரு. நானும் பெரிய இஞ்சினியர் மாதிரி தலையாட்டுனேன். அப்பப் பாரு, கூடத்து ஜன்னல்லேந்து உங்கப்பா குரலு. மோட்டார் வெயிட்ட விட்டுட்டீங்களே, அது இருபது கிலோ பின்னால தொங்குது, அத வைக்காம கோடு போட்டா மறுபடியும் ரோட்டுலதான் குந்தும்னு. தேவசகாயம் என்னைப் பாத்தாரு, நான் அவரைப் பாத்தேன். நெஜமா எனக்கு மோட்டாரு ஞாபகமே இல்ல. உங்கப்பா வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு மோட்டாரைத் தூக்கிக்கிட்டு வந்து மாட்டி, மறுபடியும் அசைச்சுப் பாத்து, என் கையில இருந்த சாக்குக்கட்டியைப் புடுங்கி ஒரு சாண் பின்னால புதுக் கோடு போட்டாரு. அன்னிக்கு மத்தியானம் ரசத்தை ரெண்டு தடவ வாங்கிச் சாப்பிட்டாரு. பண்ருட்டிக்காரருக்கும் அவரே போன் போட்டு, வர வேணாம்னு சொல்லிட்டாரு.

அப்புறம் ஒரு வாரம் ஒரே வேலை. காரோட மாட்டுற முன்கம்பியை மூணு அடி நீட்டுனாங்க, அச்சைப் பின்னால தள்ளுனாங்க. ஜெனரேட்டருக்குப் போட்ட ஏழு பட்டை ஸ்பிரிங்கு, நம்ம போட்டு வெயிட்டுக்கு அமுங்கவே இல்ல, ஒவ்வொரு பள்ளத்துலயும் தூக்கிப் போட்டுடுமாம், அதுல மூணைக் கழட்டிட்டாங்க. என் அட்டை அளவுக்கு ரெண்டு வேப்பங்கட்டையை வளைவா இழைச்சுக் குறுக்கால வச்சாங்க, அதுக்கு மேல பழைய சோபா ஸ்பாஞ்சை வச்சு ரெக்சின்ல உறை தைச்சது நானு, நீல கலரு. போட்டை எறக்கி வச்சப்ப ஒரு சத்தம் இல்ல, ஒரு இடுக்கு இல்ல, அப்படியே உக்காந்துச்சு. தேவசகாயம் ஓரமா விரலை விட்டுப் பாத்தாரு, நுழையல. ட்ரெய்லரோட மூக்கை நான் ரெண்டு கையாலயே தூக்கிட்டேன்.

போன ஞாயித்துக்கிழமை காலையில கிளம்பிட்டோம். வழியில புதுச்சத்திரத்துல அம்பலம் அண்ணன் ஏறிக்கிட்டாரு. உங்கப்பாகூட இருபது வருஷம் கண்டக்டரா இருந்தவரு, உன் கல்யாணத்துல பந்தியை விசில் ஊதி நடத்துனாரே அவருதான். ரோட்டுல ட்ரெய்லரு ஒரு குலுக்கல் இல்லாம வந்துச்சு. ஆனா ஆத்தங்கரையில வந்து நின்னோம் பாரு, தண்ணிகிட்ட ரிவர்ஸ் எடுக்கணும். முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டுனவருக்கு ட்ரெய்லர் ரிவர்ஸ் வரல. இவரு ஸ்டீரிங்கை வலது பக்கம் ஒடிச்சா அது இடது பக்கம் போகுது. அம்பலம் அண்ணன் பின்னால நின்னுக்கிட்டு பழைய விசிலை ஊதி வரலாம் வரலாம்னு கூப்புடுறாரு, அது நேராப் போயி கருவேல முள்ளுல சொருகிக்குது. ஏழு தடவ. வலை உலத்திக்கிட்டு இருந்தவங்க எல்லாம் சுத்தி நின்னுட்டாங்க. உங்கப்பா மூஞ்சு செவந்து போச்சு, நெஞ்சுல கை வச்சாரு, எனக்கு உசுரே போச்சு. பாத்தா பாக்கெட்டுல இருந்து கண்ணாடி எடுக்குறாரு. போதும், கொக்கியக் கழட்டுங்க, கையாலயே தள்ளிக்கலாம், இப்பத்தான் கனமே இல்லையேன்னு சொல்லி நானே போய் மூக்கைப் புடிச்சுக்கிட்டேன். அவரும் வந்து என் பக்கத்துல புடிச்சாரு. அம்பலம் அண்ணனும் வலைக்காரர் ஒருத்தரும் சேந்துக்கிட்டாங்க, நாலு பேரு தள்ளுனோம், போட்டு தண்ணில இறங்கி மெதந்துச்சு.

சுனாமிக்கு அப்புறம் நான் சில்வர் பீச் பக்கமே போனதில்ல, மாசி மகத்துக்குக் கூட வாசல்ல நின்னே கும்புட்டுக்கிட்டேன். போட்டு ஓரத்தைப் புடிச்சுக்கிட்டு கால் எடுத்து வைக்காம நின்னேன். உங்கப்பா ஒண்ணும் வற்புறுத்தல, லைஃப் ஜாக்கெட்டை எனக்கு மாட்டி வாரை இறுக்கிவிட்டாரு, கையை நீட்டுனாரு, ஏறிட்டேன், அம்பலம் அண்ணன் கரையில வண்டியைப் பாத்துக்கிட்டாரு. மொதல்ல கண்ணை மூடிக்கிட்டேன், அப்புறம் தொறந்தேன். தண்ணி அமைதியா, பச்சையா, கை எட்டுற தூரத்துல. பாலத்துக்கு அடியில போனப்ப மோட்டாரை நிறுத்துனாரு. மேல ஒரு சிதம்பரம் பஸ் போச்சு, பாலமே தடதடன்னு அதிர்ந்துச்சு. அண்ணாந்து பாத்துக்கிட்டே இருந்தாரு. இவ்ளோ சத்தம் போட்டுக்கிட்டா போனேன் நானுன்னு கேட்டாரு.

அப்பத்தான் நான் கேட்டேன், எழிலு மேல ஏன் இவ்ளோ கோவம், அது பயத்துல சொன்னதுதானேன்னு. என்னை ஆச்சரியமாப் பாத்தாரு. கோவமா, எனக்கா, அது சொன்னது நியாயந்தானே, காலையில போட்டை நடு ரோட்டுல போட்டுட்டு சாயந்திரம் அதுங்கிட்ட என்னன்னு பேசுவேன், எனக்கு வெக்கமா இருந்துச்சு லோகான்னு சொன்னாரு. அவ்ளோதான் விஷயம். ஒரு மாசமா நீ அங்கயும் நான் இங்கயும் கோவம்னு நெனைச்சுக்கிட்டு இருந்தது வெறும் வெக்கம்.

டாக்டரைக் கேட்டாச்சு, மோட்டார் ஓட்டலாம், துடுப்பு மட்டும் போடக் கூடாதுன்னாரு. தனியா போகக் கூடாதுன்னு நான் சத்தியம் வாங்கியிருக்கேன். இப்ப தெனமும் காலையில காலி ட்ரெய்லரை மாட்டிக்கிட்டு கிரவுண்டுக்குப் போய் ரிவர்ஸ் பழகுறாரு, இந்த நேரமும் அங்கதான் இருக்காரு. நீ தலைக்கு எண்ணெய் வைக்காம வெளிய போகாத, ராத்திரி சாப்பாட்டை மாப்பிள்ளை வர்ற வரைக்கும் தள்ளிப் போடாத, பச்சை ஜாக்கெட்டுல அரை இஞ்சு உள்ள விட்டிருக்கேன், வேணும்னா பிரிச்சுக்க. ரெண்டு பேரும் நோய் நொடி இல்லாம, ஒருத்தர் மனசு ஒருத்தருக்குப் புரிஞ்சு நீண்ட ஆயுசோட இருக்கணும், நடராஜர் கூட இருப்பாரு. ஞாயித்துக்கிழமை போன் பண்றப்ப அப்பா எங்கம்மான்னு என்னைக் கேக்காத. அப்பாகிட்ட குடுன்னு சொல்லு. மொதல்ல ம், ம்னு தான் சொல்வாரு, வச்சுடாத, கொஞ்ச நேரம் அப்படியே இரு, பேசுவாரு.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா
சு. லோகநாயகி