ஒரு வாரம் கேட்டாய்

அலமாரியைக் காலி செய்தபோது அந்தப் புத்தகம் கையில் வந்தது. குடியையும் போதைப் பழக்கத்தையும் விட நினைப்பவர்களுக்கு எந்த ஊரில் எங்கே சிகிச்சை கிடைக்கும் என்று நம் பிரிவு அச்சடித்த கையேடு. இது உன் பிரதி. பக்க ஓரமெல்லாம் உன் பென்சில். "இப்போது இல்லை." "புதன்கிழமை மட்டும்." "டாக்டர் லீவு, சிஸ்டரைக் கேட்கவும்." அவசரத்தில் எழுதியும் உன் எழுத்து என் எழுத்தைவிட அழகாக இருக்கிறது. நீ கண்ணை மூடி நாலு வருஷமாகிறது, எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

ஆமாம், பொறாமைதான். நீ இருந்தவரை சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நம் இருவரையும் ஒரே அறையில் போட்டார்கள். கலால், போலீஸ், சுகாதாரம், கல்வி, சிறை என்று போதை விஷயத்தில் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்த துறைகளை ஒரே மேஜைக்குக் கொண்டுவருவது நம் வேலை. நான் செகரட்டேரியட்டிலேயே ஊறியவள், அப்பாவும் அங்கேதான் வேலை பார்த்தார். கடிதம் போடுவேன், நினைவூட்டல் போடுவேன், பதில் வந்தால் கோப்பில் சேர்ப்பேன். நீ சுகாதாரத் துறையிலிருந்து டெபுடேஷனில் வந்தவள், தொம்மலூர் வீட்டிலிருந்து பஸ் பிடித்து வருவாய். என் கடிதங்களுக்கு மூன்று மாதம் வாய் திறக்காத கலால் அதிகாரி உன் போனுக்குப் பேசுவார். "ஆய்த்து சார், நானே வந்து வாங்கிக்கிறேன்" என்று கன்னடமும் தமிழும் கலந்து சொல்வாய். மத்தியானத்துக்குள் தாள் வந்துவிடும். கூட்டத்தில் நான் பக்கம் பக்கமாகப் படித்து முடித்ததும் செயலாளர் உன் பக்கம் திரும்பி, நிஜமாக என்ன நடக்கிறது என்று நீங்கள் சொல்லுங்கள் என்பார். அன்றெல்லாம் உன்னோடு டீ குடிக்க வரமாட்டேன், தலைவலி என்பேன். நீ அதை நம்பி மாத்திரை வாங்கிவருவாய். அது இன்னும் எரிச்சல்.

கையேடு என் யோசனை. அதிலாவது என் பேர் மட்டும் இருக்கட்டும் என்று ஆசை. மாவட்டங்களிலிருந்து சீல் போட்டு வந்த பதில்களை வரிசைப்படுத்தி, அச்சுக்குத் தயாராக வைத்திருந்தேன். நீ புரட்டிப் பார்த்தாய்.

"ஒரு வாரம் குடுப்பா. ஒவ்வொண்ணுக்கும் போன் போட்டுப் பாத்துடறேன்."

"சீல் வச்சு வந்திருக்கு. அதுக்கு மேல என்ன பாக்கணும்?"

"சீல் வச்சவங்க அங்க போயிருக்க மாட்டாங்கப்பா."

நீ சொன்னது சரி என்று எனக்கு அப்போதே தெரியும். ஆனால் அந்த ஒரு வாரத்தைக் கொடுத்தால் அது உன் புத்தகமாகிவிடும். செயலாளர் அவசரப்படுத்துகிறார் என்று பொய் சொல்லி, அன்று சாயங்காலமே அச்சகத்தில் கொடுத்துவிட்டேன்.

என் தம்பி குடிப்பதை ஆபீஸில் யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். மாநிலத்துக்கே வழி சொல்லும் மேடத்தின் ஆஸ்டின் டவுன் வீட்டுக்கு, முப்பத்திரண்டு வயது லேத் ஆபரேட்டர் ஒருவன் பட்டப்பகலில் தள்ளாடிக்கொண்டு வருகிறான் என்றால் என்ன மரியாதை? அவனைத் திட்டினேன், பேசாமல் இருந்து பார்த்தேன், அம்மா படத்தின் முன் நிறுத்திச் சத்தியம் வாங்கினேன். ஒன்றும் நடக்கவில்லை.

கையேடு வந்த மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, அவன் வீட்டில் என் மேஜையிலிருந்து ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு, இரண்டு சட்டையைப் பையில் திணித்துக்கொண்டு கிளம்பியிருக்கிறான். கோலாரில் வேலை என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போயிருந்தான். நிஜமாகப் போனது கையேட்டில் நான் அச்சடித்த ஒரு முகவரிக்கு. அங்கே டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் இருந்தது. சிகிச்சை மையத்தை மூடி ஒரு வருஷமாம். எதிரிலேயே ஒயின் ஷாப். அதன் வாசல்வரை போனவன் திரும்பி, பின்னட்டையில் இருந்த நம் எண்ணுக்கு ஒரு ரூபாய் போனிலிருந்து பேசினான். நான் கூட்டத்தில் இருந்தேன். நீ எடுத்தாய்.

ஆட்டோ பிடித்துப் போய் அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்தது நீ. கோலார் கதையை நம்பியும் நம்பாமலும் நான் ஒன்பது நாள் ஓட்டினேன். அதற்குப் பிறகுதான் வராந்தாவில் என்னை நிறுத்தினாய்.

"உன் தம்பி நல்லாருக்கான்ப்பா. வார்டுல இருக்கான். சொல்ல வேணாம்னு கேட்டுக்கிட்டான். இன்னிக்குத்தான் சொல்லலாம்னான்."

வேறு எந்த அக்காவாக இருந்தாலும் உன்னைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பாள். நான், "உங்கிட்ட எதுக்குச் சொன்னான்?" என்று கேட்டேன். அந்த முகவரியைப் பற்றி நீ கடைசிவரை ஒரு வார்த்தை பேசவில்லை. குத்திக் காட்டியிருந்தால் சண்டை போட்டுச் சமாதானமாகியிருப்போம். வார்டில் அவன் என்னைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். நீ ஆரஞ்சு உரித்து நீட்டியபோது, "போதுங்க்கா" என்றான். அவன் வாயில் அக்கா என்ற சொல் எனக்கு மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

பிறகு மூன்று வாரம் நீ சாயங்காலங்களில் உட்கார்ந்து எல்லா எண்ணுக்கும் போன் போட்டாய். இந்தப் பென்சில் குறிப்புகள் அப்போது எழுதியவை. இரண்டாம் பதிப்பில் உன் பேரையும் போடட்டுமா என்று பேச்சுக்குக் கேட்டுவைத்தேன். "உன் பேரே இருக்கட்டும்ப்பா" என்றாய். நான் இரண்டாம் முறை கேட்கவில்லை.

தம்பி அதன்பின் குடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையானால் தொம்மலூருக்குப் போய்விடுவான். உன் வீட்டுக் குழாய், உன் வீட்டு மிக்ஸி எல்லாம் அவன் கைதான். என் மிக்ஸியை நான் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். நீ போன அன்று உன் வாசலில் அவன் அழுததைப் பார்த்து யாரோ, "தம்பிங்களா?" என்று கேட்டார்கள். "ஆமாங்க" என்றான். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

போன மாதம் ஒரு நாள் காலை, பால் வாங்கக் கதவைத் திறந்தால் அவன் நிற்கிறான். கல்யாணமாகி எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் போனவன், அவ்வளவு தூரம் முதல் பஸ்ஸில் வந்திருக்கிறான்.

"அக்கா, மூணு நாளா குடிக்கணும்போலவே இருக்கு. இன்னும் தொடல. பயமா இருக்கு."

இத்தனை வருஷத்தில் முதல்முறையாக என்னிடம் வந்திருக்கிறான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதோடு விட்டிருக்கலாம், வாய் சும்மா இருக்கவில்லை.

"இப்பவாச்சும் எங்கிட்ட வரணும்னு தோணிச்சே."

அவன் தலை குனிந்துகொண்டான். "அவங்க இல்லியேக்கா" என்றான்.

கோபம் வந்தது. அவன்மேல் இல்லை, உன்மேல். ஆனாலும் அவனைத் திட்டவில்லை, சத்தியம் கேட்கவில்லை. உள்ளே உட்காரவைத்து இட்லி கொடுத்து, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் மூன்று மணி நேரம் இருந்தோம். நான் எதையும் கேட்கவில்லை. இப்போது வாராவாரம் என்னிடம் வருகிறான்.

அவனுக்கு முதலில் நீதான், இனிமேலும் நீதான். இருந்துவிட்டுப் போ. உனக்கு அடுத்த இடம் எனக்குக் கிடைத்திருக்கிறது. நீயே திரும்பி வந்து கேட்டாலும் அதை விட்டுத்தர மாட்டேன்.